பேரைட் மூட்டையைப் பிரிக்கும் முன்: துளையிடும் மட்டின் அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் முறை

சென்னையில் மெட்ரோ நிலையங்களுக்குச் சுவர் இறக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான, குறுகிய பள்ளத்தில் சாம்பல் நிறச் சேறு தளும்பி நிற்கும். அது பென்டோனைட் என்ற களிமண்ணின் கரைசல். கான்கிரீட் இறங்கும் வரை மண் சரியாமல் தாங்குவது அந்தச் சேற்றின் எடைதான். எண்ணெய்க் கிணற்றில் நாங்கள் ‘மட்’ என்று சொல்லும் துளையிடும் திரவமும் இதையே செய்கிறது. ஆனால் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். தடுக்க வேண்டியது மண்ணை மட்டுமல்ல, பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயுவையும்தான்.

சைதாப்பேட்டையில் என்னிடம் பாடம் கேட்க வரும் புதியவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி: “மட் அடர்த்தி குறைந்தால் என்ன செய்வீர்கள்?” ஏறக்குறைய எல்லோரும் “பேரைட் போடுவோம்” என்கிறார்கள். மட்டின் எடையைக் கூட்டக் கலக்கும் கனமான தாதுப் பொடிதான் பேரைட். இந்தப் பதிலை மாற்றுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

அழுத்தம் = அடர்த்தி × செங்குத்து ஆழம் ÷ 10

அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு, தண்ணீருக்கு 1.00. ஆழம் மீட்டரில். விடை, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். சாய்வாகத் துளைத்த கிணற்றில் குழாயின் நீளம் 3600 மீட்டராக இருக்கலாம். கணக்குக்கு வேண்டியது செங்குத்தான 3000 மீட்டர்தான்.

அந்த 3000 மீட்டரில் பாறைக்குள் இருக்கும் அழுத்தம் 345 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமன் செய்ய 1.15 அடர்த்தி வேண்டும். பாறை 414 கிலோவில் விரிசல் விடும் என்றால் மேல் எல்லை 1.38. கீழ் எல்லைக்குக் கீழே போனால் வாயு உள்ளே நுழையும், அதுதான் ‘கிக்’. மேல் எல்லையைத் தாண்டினால் மட் விரிசலுக்குள் ஓடி மறையும். நாம் 1.20 வைத்தால் அடியில் 360 கிலோ. கையிருப்பு 15 கிலோ.

பம்ப் ஓடும்போது மட் மேலே ஏறி வரும் வழியில் உராய்வு உண்டு. அது 12 கிலோ என்றால் அடிப்பகுதி உணர்வது 1.24. பம்பை நிறுத்தினால் மறுபடி 1.20. இரண்டுமே எல்லைகளுக்குள் இருக்க வேண்டும்.

படி 2: அளவெடுங்கள்

மட் பேலன்ஸ் என்ற தராசைத் தினமும் நல்ல தண்ணீரில் சோதியுங்கள், 1.00 காட்ட வேண்டும். பிறகு கிண்ணத்தை உலர்த்தி, மட்டை விளிம்பு வரை ஊற்றி, பக்கத்தில் மெல்லத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மூடியின் துளை வழியாகக் கொஞ்சம் மட் பிதுங்கி வர வேண்டும். துளையை விரலால் அடைத்து, வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். பிறகு தாங்கியில் வைத்து, நகரும் எடையைத் தள்ளி, குமிழி நடுவில் நிற்கும் இடத்தைப் படியுங்கள்.

துடைப்பதை விட்டுவிடாதீர்கள். பயிற்சிக் காலத்தில் நான் 1.22 என்று எழுதிய அளவை, கிண்ணத்தைத் துடைத்து மீண்டும் எடுக்கச் சொன்னார் என் மேலாளர். 1.19 வந்தது. அந்த 0.03, 3000 மீட்டரில் 9 கிலோ. நம் கையிருப்பே 15 கிலோதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கிணற்றுக்குள் போகும் மட், வெளியே வரும் மட் இரண்டையும் அளந்து, நேரத்தோடு எழுதுங்கள்.

படி 3: ஏன் குறைந்தது?

வெளியே வரும் மட் இலேசாக இருந்தால், முதலில் துளையிடும் எந்திரத்தை இயக்கும் டிரில்லரிடம் சொல்லிப் பம்பை நிறுத்தச் செய்து பாருங்கள். பம்ப் நின்ற பிறகும் கிணறு வழிந்தாலோ, டேங்க் மட்டம் காரணமில்லாமல் உயர்ந்திருந்தாலோ, அது கிக். அப்போது பேரைட் கணக்குப் போட நேரமில்லை. கிணற்றை உடனே அடைக்க வேண்டும்.

வழியவில்லையா? மட் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று அளக்கும் மார்ஷ் புனலில் ஊற்றிப் பாருங்கள். வழக்கத்தைவிட வேகமாக ஓடினால் எங்கோ தண்ணீர் கலக்கிறது. சல்லடை கழுவும் குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. பேரைட் டேங்க் அடியில் படிந்திருக்கலாம். மட்டைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் அதையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கலாம்.

மட்டில் வாயுக் குமிழிகள் கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வாயு மேற்பரப்பை நெருங்கும்போதுதான் பெரிதாக விரிகிறது. அதனால் மேலே தராசு வெகுவாகக் குறைத்துக் காட்டினாலும் அடியில் அழுத்தம் சிறிதளவே குறைந்திருக்கும். அழுத்தம் கொடுத்து அளக்கும் பேலன்ஸில் உண்மை அடர்த்தியைப் பார்த்து, வாயுவைப் பிரித்தெடுங்கள். இங்கே பேரைட்டைக் கொட்டினால், வாயு நீங்கியதும் மட் தேவைக்கு மேல் கனத்துவிடும்.

படி 4: ஏற்றுவதும் இறக்குவதும்

பேரைட்டின் அடர்த்தி 4.2. நமக்கு இது அயலூர்ப் பொருள் அல்ல. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில், ரேணிகுண்டாவைத் தாண்டி வரும் கோடூருக்கு அருகே, மங்கம்பேட்டையில் உலகின் மிகப் பெரிய படிவுகளில் ஒன்று இருக்கிறது.

ஒரு கன மீட்டர் மட்டுக்கு வேண்டிய கிலோ = 4200 × (புதிய அடர்த்தி − பழைய அடர்த்தி) ÷ (4.2 − புதிய அடர்த்தி)

150 கன மீட்டர் மட்டை 1.20இலிருந்து 1.25க்கு உயர்த்த, கன மீட்டருக்கு 71.2 கிலோ, மொத்தம் சுமார் 10.7 டன். மட் ஒரு சுற்று சுற்றிவர 90 நிமிடம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 120 கிலோ வீதம் சீராகப் போடுங்கள். அவசரப்பட்டால் ஒரு பகுதி கனமாகவும் மறு பகுதி இலேசாகவும் கிணற்றுக்குள் போகும்.

இந்தச் சேர்க்கையால் கன அளவு 2.5 கன மீட்டர்தான் கூடுகிறது. தவறாகப் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி 1.20க்குத் திரும்ப நினைத்தால் 38 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கு டேங்கில் இடம் வேண்டும். நீர்த்த மட்டுக்கு மறுபடி பென்டோனைட்டும் மருந்துகளும் வேண்டும். காரணம் தெரியாமல் மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

துளைத்த பாறைத்தூள் சேர்ந்து அடர்த்தி தானாக ஏறினால், தண்ணீர் ஊற்றும் முன் மட்டிலிருந்து பாறைத்தூளைச் சலித்தெடுக்கும் ஷேல் ஷேக்கரின் சல்லடை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: கடலில்

அதே 3000 மீட்டரில் மேல் 1500 மீட்டர் கடல் என்று வைத்துக்கொள்வோம். கடலடியிலிருந்து கப்பல் வரை ரைசர் என்ற குழாய், அதற்குள்ளும் மட். புயலுக்காக ரைசரைக் கழற்றினால், அந்த 1500 மீட்டருக்கு மட் போய், 1.03 அடர்த்தியுள்ள கடல் நீரின் எடைதான் மிஞ்சும்.

154.5 + 180 = 334.5 கிலோ. பாறைக்குள் இருப்பதோ 345.

இதை ஈடுகட்ட மட் 1.27 ஆக இருக்க வேண்டும். ஆழ்கடலில் மேலே பாறைக்குப் பதில் தண்ணீர் இருப்பதால் மேல் எல்லையும் தாழ்ந்துவிடும். பல கிணறுகள் அந்த எடையைத் தாங்குவதில்லை. ஆகவே கடலடியில் உள்ள அடைப்பான் மூடியதை உறுதி செய்யாமல் ரைசரைக் கழற்றக் கூடாது.

மட்டை எடுத்துவிட்டுக் கடல் நீர் நிரப்பும் வேலைக்கும் இதே கணக்குத்தான். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே இருந்த சிமெண்ட் அடைப்பு பிடித்துவிட்டது என்று நம்பினார்கள், அது பிடிக்கவில்லை. 11 பேர் இறந்தார்கள். கடல் நீரைச் செலுத்தும் முன் அடியில் மிஞ்சப்போகும் அழுத்தத்தைக் கணக்கிட்டு டிரில்லரிடம் காட்டுங்கள். செலுத்தும்போது உள்ளே போன அளவையும் வெளியே வந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருங்கள்.