பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் கீழ் ஆர்பிஎம்மில் திணறுகிறதா? ஜெட்டைத் தொடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, இழுக்கவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது கார்புரேட்டர் ஜெட்டில்தான் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு). அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் இரு முனையிலும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் காற்று கசியும் இன்ஜினில் பெரிய ஜெட்டைப் போட்டால் திணறல் கொஞ்சம் அடங்கும், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். அது வளர வளரக் கலவையில் பெட்ரோல் குறைந்துகொண்டே போய், ஒருநாள் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

இன்னொன்று. 125 சிசி மோட்டோகிராஸ் பைக்குகள் புதிதாக இருக்கும்போதே கீழே பலம் குறைந்தவைதான். மெதுவாகக் கிளம்பி, ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று பாய்வது அவற்றின் இயல்பு. நாம் தேடுவது அதை அல்ல; ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் விக்குவது, அணைந்துபோவது, முன்பு இருந்த பிக்கப் காணாமல் போவது, இவைதான்.

படி 1: பெட்ரோல் அதிகமா, குறைவா?

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி வரை சட்டென்று திறங்கள். கரகரவென்று இழுத்து, புகை கக்கி, பிறகு தெளிந்தால் பெட்ரோல் அதிகம். சத்தமே அடங்கி "ப்பா" என்று விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஐடில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) உடனே இறங்காமல் உயரத்திலேயே தொங்கினால், பெட்ரோல் குறைவு என்பது அநேகமாக உறுதி.

சந்தேகம் இருந்தால் சோக்கை லேசாக இழுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். நிலைமை தேறினால் பெட்ரோல் போதவில்லை, மோசமானால் ஏற்கெனவே அதிகம். கிடைத்த விடையைக் குறித்து வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் அது உதவும்.

படி 2: எளிய விஷயங்கள்

மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஆயில் கலந்து ஊற்றுங்கள். 32:1 (32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்குச் சுமார் 31 மில்லி ஆயில். ஆயிலைக் கூட்டினால் இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆயில் கூடக் கூட, ஜெட் வழியே போகும் அதே அளவு பெட்ரோல்-ஆயில் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது.

ஏர் ஃபில்டரைக் கழுவி, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டுங்கள். புது ஸ்பார்க் பிளக் போடுங்கள். பழையது கறுத்து ஈரமாக இருந்தால் படி 1-இல் கிடைத்த விடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சோக்கை விட்டதும் அது முழுவதும் அணைகிறதா என்பதையும் சரிபாருங்கள். பழைய பைக்கில் அது பாதியில் சிக்கிக்கொள்வது உண்டு.

படி 3: பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்வது

ஐடிலிலும் ஆக்சிலரேட்டரின் முதல் எட்டில் ஒரு பங்கிலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். அதன் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். காய்ந்த பெட்ரோல் விட்டுப்போகும் பிசின் அதை அடைக்கப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலைத் திறங்கள். மெயின் ஜெட்டுக்கு (ஆக்சிலரேட்டரை அதிகம் திறக்கும்போது பெட்ரோல் கொடுக்கும் பெரிய ஜெட்) பக்கத்தில், ஒரு குழிக்குள் ஆழமாக இருப்பதுதான் பைலட் ஜெட். பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திருகாதீர்கள். பித்தளை மென்மையானது, தலை சிதைந்தால் எடுப்பது பெரும்பாடு. கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் உள்ளே பிசின் ஒட்டியிருக்கிறது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி பாருங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டரின் உடம்பில் உள்ள பைலட் பாதைகளிலும் கிளீனர் அடித்து, அது மறுபுறம் வெளியே வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கிளீனர் எதிர்பாராத திசையில் பீய்ச்சும்.

படி 4: ரீட் வால்வு

கார்புரேட்டர் வெளியே இருக்கும்போதே அதற்குப் பின்னால் உள்ள ரீட் பிளாக்கையும் (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு) எடுத்துப் பார்த்துவிடுங்கள். ரீட் இதழ்கள் தங்கள் இருக்கையில் படிந்து மூட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் கீற்று தெரியக்கூடாது. ஓரம் பிய்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) போன கலவை திரும்பக் கார்புரேட்டருக்கே வரும் நோய் இது. மெதுவாக ஓடும்போது அதற்கு நேரம் அதிகம் கிடைப்பதால் பாதிப்பும் கீழ் ஆர்பிஎம்மில்தான் அதிகம்.

படி 5: காற்றுக் கசிவு

இந்தப் பட்டியலில் எதையும் தாவினாலும் இதைத் தாவாதீர்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டையும் இன்டேக் பக்கத்தையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, பிஸ்டனைக் கீழே நிறுத்தி, கைப் பம்பால் உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடிப்பகுதி, மேக்னெட் பக்கச் சீல் என்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி.

கிளட்ச் பக்கச் சீல் கேஸுக்குள் இருப்பதால் சோப்புத் தண்ணீர் அங்கே போகாது. கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காது கொடுங்கள், காற்று சீறுகிறதா என்று. அந்தச் சீல் போயிருந்தால் இன்ஜின் கியர் ஆயிலையும் உறிஞ்சும்: புகை கூடும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு காரணமின்றிக் குறையும்.

படி 6: பவர் வால்வும் கம்ப்ரஷனும்

உங்கள் பைக்கில் யமஹாவின் ஒய்பிவிஎஸ், கவாசாகியின் கிப்ஸ் போன்ற பவர் வால்வு (எக்ஸாஸ்ட் போர்ட்டின் அளவை மாற்றும் வால்வு) இருந்தால், அது கீழ் ஆர்பிஎம்மில் மூடியும் மேலே போனதும் திறந்தும் இருக்க வேண்டும். கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கினால் கீழ் இழுவை செத்துவிடும், மேலே மட்டும் நன்றாக ஓடும். மூடியைக் கழற்றிக் கையால் அசைத்துப் பாருங்கள், தடங்கலில்லாமல் நகர வேண்டும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கும்போது பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். சரியான அளவு பைக்குக்குப் பைக் மாறும், மேனுவலைப் பாருங்கள். 100 பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 7: இப்போது ஏர் ஸ்க்ரூ

எல்லாம் சரி என்றால்தான் டியூனிங். ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, விளைவு தலைகீழ். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறங்கள். சூடான இன்ஜின் ஐடிலில் ஓட, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் ஓட்டிப் பாருங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் பைலட் ஜெட் சிறியது, ஒரு அளவு பெரியதைப் போடுங்கள். இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பைலட் ஜெட் பெரியது, ஒரு அளவு சிறியதைப் போடுங்கள். ஜெட்டை மாற்றிய பிறகு ஸ்க்ரூவை மறுபடி ஒன்றரைச் சுற்றில் வைத்து முதலிலிருந்து பாருங்கள்.