சிஆர்எம் வாங்கப் போகிறீர்களா? கொழும்பில் சிறு வியாபாரம் செய்வோர் வழக்கமாக விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் ஏசி விற்று, பொருத்தி, சர்வீஸும் செய்து கொடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, கவுண்டரில் ஒருவர், வெளிவேலைக்குப் போகும் இரண்டு டெக்னீஷியன்கள், கணக்கு எழுத ஒரு பிள்ளை, ஆட்கள் இவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளர் வரும் வழி நாலைந்து. கடை லேண்ட்லைனுக்கு அடிப்பார்கள், பேஸ்புக்கில் விலை கேட்பார்கள், முதலாளியின் சொந்த வட்ஸ்அப்புக்கு வொய்ஸ் அனுப்புவார்கள், போன வருஷம் வந்த டெக்னீஷியனின் நம்பரை வைத்திருப்பவர் நேரே அவருக்கே கோல் எடுப்பார். கொடுத்த கொட்டேஷன் ஒரு கணினியில் கிடக்கும், அடுத்த சர்வீஸ் திகதி ஒரு சிஆர் கொப்பியில் இருக்கும், "வெள்ளிக்கிழமை எடுத்துச் சொல்கிறேன்" என்று கொடுத்த வாக்கு எங்குமே எழுதப்பட்டிருக்காது. இந்தக் கட்டத்தில்தான் யாராவது வந்து "ஒரு சிஆர்எம் போடுங்கோ" என்பார்கள்.

சிஆர்எம் என்றால் வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு கதைத்ததையும் பதிந்து வைக்கும் மென்பொருள். போடலாம், போடத்தான் வேண்டும். வாடிக்கையாளர் யார், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அடுத்து யார் எப்போது கதைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் கைநழுவிப் போகும் வியாபாரத்தில் ஒரு நல்ல பங்கு மிஞ்சும். ஆனால் பிழையான ஒன்றை எடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள், எல்லாரும் பழையபடி கொப்பிக்கே போய்விடுவார்கள். கட்டிய காசு போவதை விட, "இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்ற எண்ணம் ஆட்கள் மனதில் விழுந்துவிடுவதுதான் பெரிய நட்டம், ஏனென்றால் அடுத்த முறை நல்லதாகவே ஒன்றைக் கொண்டுவந்தாலும் தொட மாட்டார்கள்.

முதல் பிழை, மென்பொருளின் பெயரிலிருந்து தொடங்குவது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் தன் கொம்பனியில் சேல்ஸ்ஃபோர்ஸ் பாவிக்கிறார் என்பதற்காக ஐந்து பேர் கடைக்கும் அதையே தேடுவது. 1999 இல் தொடங்கி இன்று பெரிய பெரிய விற்பனைக் குழுக்கள் பாவிக்கும் மென்பொருள் அது, நல்லதுதான், ஆனால் அதை உங்கள் கடைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கவே தனியாக ஒருவர் வேண்டியிருக்கும். பெயர் தேடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக வந்த விசாரணைகளில் கொஞ்சத்தை எடுத்து, ஓடரானதையும் ஆகாததையும் கலந்து, ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தது, யார் கையில் போனது, எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திருப்பிக் கோல் எடுக்க மறந்ததால் போனதா? அப்படியானால் நினைவூட்டல் நன்றாக வேலை செய்யும் மென்பொருள் வேண்டும். ஒரே ஆளுக்கு முதலாளி ஒரு விலையும் கவுண்டர் ஒரு விலையும் சொன்னதால் போனதா? கொட்டேஷன் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சர்வீஸ் தவறிப் போகிறதா? குறித்த இடைவெளியில் தானாக வந்து நிற்கும் வேலைப்பட்டியல் வேண்டும். இந்தத் தாள் கையில் இருந்தால், விற்க வருபவர் காட்டும் நூறு வசதிகளில் உங்களுக்கு வேண்டிய மூன்றைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

கணக்கு மென்பொருளையும் சிஆர்எம்மையும் ஒன்றாக நினைப்பது இன்னொன்று. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு வாடிக்கையாளர் விவரம் என்றாலே யார் எவ்வளவு பாக்கி, யாருடைய செக் எந்தத் திகதிக்கு என்பதுதான். அது கணக்கு வேலை. பின்திகதியிட்ட செக்கைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வெளிநாட்டு சிஆர்எம்களில் பொதுவாக இருக்காது, அதற்கு அவை செய்யப்படவும் இல்லை. கணக்கை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறந்தால் அவருடைய பாக்கித் தொகை தெரியுமா, தெரியவைக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் பழைய பாக்கி கட்டாதவருக்கே அழகாகப் புது கொட்டேஷன் போகும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: மென்பொருளைத் தெரிவு செய்வது முதலாளி, பாவிப்பது கவுண்டரில் நிற்பவர். முதலாளிக்கு வண்ண வண்ண வரைபடங்கள் பிடிக்கும், மாத அறிக்கை பிடிக்கும். கவுண்டரில் நிற்பவர் ஒரு கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இரண்டு பேர் காத்திருக்க, ஒரு பெயரையும் நம்பரையும் பதிய வேண்டும். அந்த இடத்தில் திரை பத்துப் பெட்டிகளைக் காட்டி எல்லாவற்றையும் நிரப்பினால்தான் சேமிப்பேன் என்று நின்றால், அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு பதியலாம் என்று நினைப்பார், அந்தப் பிறகு வரவே வராது. ஆகவே கட்டாயப் பெட்டிகளை இரண்டு மூன்றுக்குக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். இதில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ், சோஹோ போன்றவற்றில் குடும்பப் பெயர்ப் பெட்டி கட்டாயம். எங்கள் பெயர் அப்படி அமைவதில்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஒருவர் சொந்தப் பெயரை முதல் பெட்டியில் போட்டு இரண்டாவதில் ஒரு புள்ளி வைப்பார், இன்னொருவர் தகப்பன் பெயரை அங்கே போடுவார், ஆறு மாதம் கழித்து எந்தத் தேடலுக்கும் ஒழுங்காக ஆள் அகப்படாது. சொந்தப் பெயர் எப்போதும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள், முதலெழுத்து மற்றதற்குள் என்று முதல் நாளே ஒரு விதி வைத்துவிட்டால் போதும். எந்த விதி என்பது முக்கியமில்லை, எல்லாரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

டெக்னீஷியன்கள் போனில் பாவிப்பார்கள் என்றால் போன் செயலியை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் சிக்னல் இருக்காது. அங்கே எழுதிய குறிப்பு மேலே வந்ததும் தானாகப் போய்ச் சேருகிறதா, அல்லது காணாமல் போகிறதா?

அப்புறம் டெமோ. விற்பவர் தன் மடிக்கணினியில், தானே நிரப்பி வைத்த அழகான பெயர்களுடன் காட்டுவதைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். உங்கள் போனில் இருக்கும் ஐம்பது நம்பரையும் எக்செலில் இருக்கும் பட்டியலையும் கொடுத்து, இதை இப்போதே ஏற்றிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். என்ன நடக்கும் தெரியுமா? எக்செல், 077 என்று தொடங்கும் நம்பரின் முன் பூச்சியத்தை விழுங்கியிருக்கும். ஒரே ஆள் ஓரிடத்தில் 077 என்றும், இன்னோரிடத்தில் 94 77 என்றும், மூன்றாவது இடத்தில் வெறும் 77 என்றும் இருப்பார், மென்பொருள் மூன்றையும் மூன்று ஆட்களாக எடுத்துக்கொள்ளும். போனில் "சிவம் தெஹிவளை ஏசி" என்று இருப்பவரும் பில்லில் முழுப்பெயரோடு இருப்பவரும் ஒருவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது சிவகுமாரை ஒருவர் எஸ் மட்டும் போட்டு எழுதுவார், இன்னொருவர் எஸ்எச் போடுவார். அதனால் ஆளை அடையாளம் காண பெயரை நம்பாதீர்கள், தொலைபேசி நம்பரை நம்புங்கள். எல்லா நம்பரையும் 94 இல் தொடங்கும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள், ஒரே நம்பர் இரண்டாம் முறை வந்தால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழிலேயே பெயர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், முதலில் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறைக்கு, மாற்ற வேண்டும். யூனிகோடில் இருந்தாலும் எக்செலில் சாதாரண சிஎஸ்வியாக (பட்டியலை வேறு மென்பொருளுக்கு ஏற்றுவதற்கான கோப்பு வகை) சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், யூடிஎஃப்-8 என்று இருக்கும் சிஎஸ்வியைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழ்ப் பெயரைத் தேடினால் வருகிறதா, பிடிஎஃப் கொட்டேஷனில் கொம்பும் காலும் இடம் மாறாமல் அச்சாகிறதா என்று பார்த்துவிடுங்கள், சிங்களத்துக்கும் இதே சோதனைதான்.

"வட்ஸ்அப் இணைப்பு உண்டு" என்ற வாக்கை முழுதாக விசாரிக்காமல் வாங்குவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த ஒரு வாக்குக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம். ஒன்று, நம்பரைத் தட்டினால் உங்கள் போனில் வட்ஸ்அப் திறக்கும், அவ்வளவுதான். அதில் கதைத்தது எதுவும் சிஆர்எம்முக்குள் வராது. மற்றது, வட்ஸ்அப்பின் வியாபாரத் தளத்தோடு உண்மையாகவே இணைப்பது. அதில் கடை நம்பருக்கு வரும் செய்தியை எல்லா ஊழியரும் ஒரே இடத்தில் பார்த்துப் பதில் போடலாம், வாடிக்கையாளரின் பக்கத்திலேயே அது பதிவாகும். ஆனால் அதற்குச் செலவு தனி, விதியும் தனி. வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பிய நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம், அதற்குப் பிறகு முன்கூட்டியே அனுமதி பெற்ற செய்தி வடிவங்களை மட்டுமே அனுப்பலாம், விளம்பரச் செய்திக்குக் கட்டணம் உண்டு. "சர்வீஸ் நேரம் வந்துவிட்டது" என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல வேண்டிய கடைக்கு இந்த விதி நேரடியாகவே பொருந்தும். உங்கள் கடையில் இரண்டே பேர் என்றால், வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் இருக்கும் லேபிள்களும் ஆயத்தப் பதில்களுமே இப்போதைக்குப் போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழிலோ சிங்களத்திலோ 70 தான். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். தமிழில் இரண்டு வரி எழுதினாலே இரண்டு மூன்று எஸ்எம்எஸ்ஸுக்கு உரிய காசு போகும்.

விலையைப் பார்க்கும்போது பலர் அந்த மாதத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அது அநேகமாக ஓர் ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு, டொலரில் இருக்கும், குறைந்த விலையாகப் போட்டிருப்பது வருஷக் காசை முன்கூட்டியே கட்டினால் கிடைக்கும் விலையாகவும் இருக்கலாம். ஆளுக்கு 12 டொலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு வருஷம் 720 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, அப்போது இது 144,000 ரூபாய். மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போனபோது அதே மென்பொருள், அதே ஐந்து பேர், 259,200 ரூபாய். அந்த வருஷம் கொழும்பில் வியாபாரம் நடத்தியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரூபாயில் கட்டணம் எடுக்கும் உள்ளூர் விற்பனையாளர் கிடைத்தால் விசாரியுங்கள், ஆனால் அந்த ரூபாய் விலை எத்தனை மாதத்துக்கு மாறாமல் இருக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இலவசப் பதிப்புகளை ஒதுக்கத் தேவையில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் சிஆர்எம் மூன்று பேர் வரை இலவசம், ஹப்ஸ்பொட்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. நான்காவது ஆள் சேர்ந்தால் என்ன விலை என்பதை இன்றே பார்த்து வையுங்கள், அவ்வளவுதான். ஓடூ, சூட்சிஆர்எம் போன்றவற்றின் திறந்த மூலப் பதிப்பை எடுத்தால் மென்பொருளுக்குக் காசில்லை, ஆனால் சேர்வரை ஓட்டவும் பக்கப்பிரதி எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காசு உண்டு. தெரிந்த பெடியன் ஒருவன் குறைந்த விலைக்கு எழுதித் தருகிறேன் என்றால், அவன் நாளைக்கு டுபாய்க்கோ மெல்பேர்னுக்கோ போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கை கொடுக்க வேண்டும்.

கணக்கை யார் பெயரில் திறக்கிறீர்கள் என்பதில் அசட்டை வேண்டாம். கணினி தெரிந்த ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் திறந்து, நிர்வாகியும் தானாகவே இருந்து, ஒரு நாள் வேலையை விட்டு விலகினால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலே அவரோடு போகலாம். கடையின் மின்னஞ்சலில் திறவுங்கள், நிர்வாகி உரிமை முதலாளியிடம் இருக்கட்டும், ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனி லொகின் கொடுங்கள். ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் பாவித்தால் ஆள் காசு மிச்சம்தான், ஆனால் யார் எந்தக் கொட்டேஷனை மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோக்கத்துக்காக, தேவையான அளவு தகவலை மட்டும் எடுத்து, பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஏசி சர்வீஸுக்கு அடையாள அட்டை நம்பர் எதற்கு? பெட்டி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கேட்டு நிரப்பாதீர்கள்.

தெரிவு செய்தாகிவிட்டதா, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். புது விசாரணைகளை மட்டும் அதில் பதியத் தொடங்குங்கள், பழையவர் திரும்பி வரும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு திகதியைக் குறித்து, அதற்குப் பிறகு கொப்பியில் எழுதுவதை நிறுத்துங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் கொப்பிதான் வெல்லும். முதலாளியும் "அவருக்கு என்ன சொன்னீர்கள்?" என்று வாயால் கேட்காமல் திரையைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்கு வர வேண்டும், அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் பதிவார்கள்.

அநேகமான மென்பொருள்கள் காசு கட்டுவதற்கு முன் கொஞ்ச நாள் சும்மா பாவிக்க விடும். அந்த நாட்கள் முடிவதற்கு முன் உங்கள் தரவு முழுவதையும் வெளியே இறக்கி எக்செலில் திறந்து பாருங்கள். பெயரும் நம்பரும் வந்தால் போதாது, ஒவ்வொருவரோடும் கதைத்த குறிப்புகள், இணைத்த கொட்டேஷன்கள், அடுத்த சர்வீஸ் திகதி எல்லாம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறொன்றைத் தேடுங்கள்.