டெல்ஃபிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பழங்காலக் கிரேக்கர்கள் அப்பல்லோ தெய்வத்திடம் குறி கேட்கப் போன டெல்ஃபிக்கு, ஏதென்ஸிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டமிடுவதுதான் முதல் தவறு. தூரம் சுமார் 180 கிலோமீட்டர், கடைசிப் பகுதி பர்னாசஸ் மலையின் வளைவுச் சாலை. போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. நடுவில் மிஞ்சுவது உச்சி வெயிலும், சுற்றுலா பஸ்களில் வந்திறங்கும் கூட்டமும்தான். ஓர் இரவு ஊரில் தங்கி, காலையில் வாயில் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள்.

ஊரைக் கண்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. பழங்காலக் கிராமத்தைத் தேடி வந்தவர்கள் ஓட்டல்களும் கடைகளும் நிறைந்த தெருக்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கஸ்ட்ரி என்ற பழைய ஊர் இடிபாடுகளின் மேலேயே இருந்தது. 1892-இல் பிரெஞ்சுக்காரர்களின் பெரிய அகழாய்வு தொடங்கிய காலத்தில் அதை அப்படியே மேற்கே பெயர்த்துவிட்டார்கள். கோபித்துப் பயனில்லை, ஊர் நகர்ந்ததால்தான் கோயில் வெளியே வந்தது.

உள்ளே போனதும் எல்லோரும் அப்பல்லோ கோயிலின் தூண்களைக் குறிவைத்து ஏறுகிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் தாங்குசுவரை நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கோ டெல்ஃபியில் மிகப் பிடித்தது அந்தச் சுவர்தான். கற்களுக்கு நேரான விளிம்பே கிடையாது. ஒன்றின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்துமாறு, சாந்தில்லாமல், வளைவு வளைவாக இழைத்து அடுக்கியிருக்கிறார்கள். கிட்டே போனால் கல்லெங்கும் பொடி எழுத்து: அடிமைகளுக்கு விடுதலை தந்ததைப் பதிந்த சாசனங்கள், ஏறத்தாழ 800. விரல் வைக்காமல் பாருங்கள்.

கஸ்டாலியா ஊற்றில் நடப்பது வேறு வகைத் தவறு. குறி கேட்க வந்தவர்கள் இந்த நீரில் தூய்மை செய்துகொண்டுதான் மேலே போனார்கள். தாமும் அதைத் தொட்டே தீர வேண்டும் என்று சிலர் வேலி தாண்டப் பார்க்கிறார்கள். மேலே செங்குத்தாக நிற்கும் பாறைகளிலிருந்து கல் உருளும் இடம் அது. கி.மு. 373-இல் நிலநடுக்கத்தோடு பாறைகள் சரிந்து கோயிலே நொறுங்கியது. அந்த அழிவில் புதைந்து போன வெண்கலத் தேரோட்டி 1896-இல்தான் வெளியே வந்தான்.

அவன் இப்போது அருங்காட்சியகத்தில் நிற்கிறான். கால் வலிக்கிறது என்று அங்கே போகாமல் திரும்புவது பெரிய இழப்பு. 1.8 மீட்டர் உயரம், பதித்த கண்கள், அவற்றைச் சுற்றி உலோகத்தில் வெட்டிய இமைமயிர். சிலைகளைப் போலக் கைகால்களை வளைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள், காவலர்கள் தடுப்பார்கள்.

பூமியின் பிளவிலிருந்து எழுந்த வாயுவை முகர்ந்துதான் அப்பல்லோ கோயிலின் பெண் பூசாரியான பித்தியா குறி சொன்னாள் என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வாளர்களிடையே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

களைப்பில் பலர் கைவிடுவது, சாலைக்குக் கீழே கிழக்குப் பக்கம் இருக்கும் அதீனா ஆலய வளாகம். அங்குள்ள வட்டக் கட்டடத்தின் 20 வெளித்தூண்களில் மூன்றை 1938-இல் நிமிர்த்தி வைத்தார்கள். கிழக்கிலிருந்து நடந்து வந்த அந்தக் காலத்து யாத்திரிகர்கள் அப்பல்லோவைக் காணும் முன்பு இந்த இடத்தைத்தான் கடந்தார்கள்.