பாத் ஆஃப் எக்ஸைலில் புதுக் கேரக்டர்: டர்பனிலிருந்து ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கணினி ஆட்டத்தில் ஆசையாகக் கேரக்டர் தொடங்கி, ஐந்தாவது ஆக்ட் (கதையின் பகுதி) தாண்டுவதற்குள் வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். ஆட்டம் கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் அவர்கள் தொடங்கிய விதத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதை: யாரோ பல வாரம் ஆடி, விலை உயர்ந்த சாமானெல்லாம் மாட்டி முடித்த பில்டை (திறன், கியர் எல்லாம் சேர்ந்த கேரக்டர் அமைப்பை) வீடியோவில் பார்த்திருப்பார்கள். அதையே முதல் லெவலிலிருந்து ஆட முயன்றிருப்பார்கள். அந்த வீடியோக்காரரிடம் இருந்த கியரும் நேரமும் இணைய வேகமும் நம்மிடம் இல்லை. கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருவதுதான்.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட முதல் பாகத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகத்தின் கணக்குகள் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் பாகத்தின் பாஸிவ் மரத்தில் (புள்ளிகளைப் போட்டுக் கேரக்டரை வலுவாக்கும் வரைபடத்தில்) 1300-க்கு மேற்பட்ட முடிச்சுகள் இருக்கின்றன. லெவல் 100 தொட்டாலும் நமக்குக் கிடைப்பது 120 சொச்சம் புள்ளிகள்தான். அந்த மரத்தை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அதனால் பிறர் எழுதிய பில்டைப் பின்பற்றுவதில் தவறே இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் பின்பற்றுவதில்தான் தவறு.

முடிந்த பில்டை முதல் நாளே ஆடுவது

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் பிடித்த திறன் ரைட்டியஸ் ஃபயர். நம்மைச் சுற்றி ஒரு தீ வளையம், நடந்து போனாலே எதிரி எரிந்து விழுவான். "மாமா, ஒரு பட்டன்கூட அழுத்த வேண்டாம், நடந்தா போதும்" என்று மாராடர் வகுப்புக் கேரக்டர் ஒன்றைத் தொடங்கினான். 16-ஆவது லெவலில் அந்தத் திறனைத் தரும் ஜெம்மை மாட்ட முடியும். மாட்டினான். உயிர்க் குமிழ் கிடுகிடுவென்று இறங்கி அடியைத் தொட்டது, தீ அணைந்தது. பக்கத்தில் நின்ற முதல் குரங்கு ஒரு தட்டுத் தட்ட, ஆள் காலி. "இது பக்-ஆ (ஆட்டத்தின் கோளாறா) மாமா?" என்று கேட்டான்.

பக் இல்லை. அந்த ஜெம்மின் விவரத்திலேயே எழுதியிருக்கிறது: உங்கள் உச்ச உயிரில் 90 சதவீதத்தை நொடிக்கு நொடி தீச்சேதமாக நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். தீ ரெசிஸ்ட் (தீச்சேதத்தைக் குறைக்கும் தடுப்பு) 75 சதவீதம் இருந்தால் அது 22.5 சதவீதமாகக் குறையும். அந்த அளவுக்கு நொடிதோறும் உயிர் ஊறினால்தான் நிற்க முடியும். உச்ச தீ ரெசிஸ்டை 80-க்கு உயர்த்தினால் 18 சதவீதம், 85 என்றால் 13.5. பில்ட் எழுதுபவர்கள் உச்ச ரெசிஸ்டையும் ரீஜெனையும் (உயிர் ஊறும் வேகத்தையும்) தேடித் தேடி எடுப்பது இதனால்தான். 16-ஆவது லெவலில் அவனிடம் இருந்தது 30 சதவீதம் போல. அப்படியென்றால் நொடிக்கு 63 சதவீதம் போகும். எந்தச் சாமியும் காப்பாற்றாது.

அவன் பார்த்த அதே பில்டின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படித்தோம். ஹோலி ஃபிளேம் டோட்டம் வைத்துத் தொடங்கு, அப்புறம் ஃபயர் டிராப், தாங்கும் அளவுக்கு ரீஜென் வந்த பிறகு மாறு என்று நடுவில் தெளிவாகவே இருந்தது. வீடியோவில் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறான். மாறும் நேரத்தை லெவலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேரக்டர் விவரப் பக்கத்தில் நொடிக்கு எவ்வளவு உயிர் ஊறுகிறது என்ற எண் இருக்கிறது. எரிப்பதைவிட அது கூடுதலாக ஆனதும் மாறுங்கள்.

மற்ற பில்டுகளுக்கும் இது பொருந்தும். குறிப்பிட்ட யுனிக் (தனிச்சிறப்புள்ள சாமான்) இல்லாமல் ஓடாத பில்டா, எல்லா அசெண்டன்சிப் புள்ளியும் (வகுப்பின் சிறப்புத் திறன்களுக்கான புள்ளி) வந்த பிறகுதான் உயிர் பெறும் பில்டா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் நல்ல பில்டாகவே இருக்கலாம், ஆனால் முதல் கேரக்டருக்கு ஆகாது. லெவல் ஏற்றும் பகுதியைத் தனியாக எழுதாத பில்டை நான் தொடவே மாட்டேன்.

ரெசிஸ்டைத் தள்ளிப்போடுவது

புதியவர்கள் அதிகம் சாவது இதனால்தான். ஐந்தாவது ஆக்டின் முடிவில் கிட்டாவா என்ற பாஸைக் கொன்றதும் எல்லா ரெசிஸ்டிலும் 30 குறையும். பத்தாவது ஆக்டின் முடிவில் இன்னொரு 30. இதைச் சொல்லும் வரியை யாரும் படிப்பதில்லை. ஆறாவது ஆக்டுக்குள் நுழைந்ததும் ஏன் திடீரென்று எல்லாம் இவ்வளவு வலிக்கிறது என்று குழம்புவார்கள்.

1000 தீச்சேதம் வருகிறது என்று வையுங்கள். ரெசிஸ்ட் 75 இருந்தால் உங்கள் மேல் படுவது 250. முதல் கிட்டாவாவுக்குப் பிறகு அதே கியரில் ரெசிஸ்ட் 45, அடி 550. இரண்டாவது கிட்டாவாவுக்குப் பிறகு 15, அடி 850. நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனால் அடி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பத்து ஆக்டும் முடிந்த பிறகு வரும் மேப் பகுதிகளை ஆடத் தொடங்கும்போது தீ, குளிர், மின்னல் மூன்றிலும் 75-இல் நிற்க, குறையும் 60-ஐயும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 135 தேவை. "65 இருக்கே, பத்துதானே குறை" என்பவர்களுக்கும் இந்தக் கணக்கையே காட்டுவேன்: 250-க்குப் பதில் 350, அதாவது 40 சதவீதம் கூடுதல் அடி.

இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் பதித்த மோதிரங்கள் வெறுமனே கிடந்தாலும் முறையே தீ, குளிர், மின்னலுக்கு 20 முதல் 30 வரை தரும். கடைக்காரர்களே விற்பார்கள். முதல் ஆக்டின் கடைசி பாஸ் மெர்வெயில் குளிர்ச் சேதம் கொடுப்பவள். அவளிடம் திரும்பத் திரும்பச் சாகிறவர்கள் இரண்டு விரலிலும் நீல மோதிரம் போட்டுப் போய்ப் பாருங்கள். ஹைட்அவுட்டில் (உங்கள் சொந்த இருப்பிடத்தில்) உள்ள கைவினை மேசையில் காலியான இடத்தில் ரெசிஸ்ட் ஏற்றிக்கொள்ளலாம். கிட்டாவாவை அடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் கொன்று தீர்ப்பது

வரைபடத்தின் மூலை முடுக்கெல்லாம் சுத்தம் செய்தால்தான் சீக்கிரம் லெவல் ஏறும் என்று நினைப்பது இயல்பு. இந்த ஆட்டத்தில் அது ஓரளவுக்குத்தான் செல்லும். உங்கள் லெவலை 16-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 3 கூட்டுங்கள். அதுதான் உங்களுக்கும் அந்தப் பகுதிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட லெவல் வித்தியாசம். லெவல் 32 என்றால் 5, லெவல் 48 என்றால் 6. அதைத் தாண்டினால் எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) சரிந்துகொண்டே போகும். எனவே வழியில் வருபவற்றைக் கொன்றுகொண்டு நகருங்கள். பகுதியின் லெவலைவிட இரண்டு மூன்று கீழே இருந்தாலும் பயப்பட வேண்டாம். திணறினால் அப்போது நின்று கொல்லலாம்.

வேகத்துக்கு முதல் தேவை ஓட்ட வேகம் உள்ள பூட்ஸ். எத்தனையோ பேர் பத்து கவசப் புள்ளி கூடுதல் என்று அதைக் கழற்றி எறிவதைப் பார்த்திருக்கிறேன்.

சாவின் விலையும் மாறிக்கொண்டே போகும். முதல் ஐந்து ஆக்டில் எக்ஸ்பி போகாது. ஆறிலிருந்து பத்து வரை செத்தால் 5 சதவீதம், மேப்பில் 10 சதவீதம். லெவல் குறையாது என்பது மட்டும் ஆறுதல். ஆகவே துணிச்சலான சோதனைகளை எல்லாம் முதல் ஐந்து ஆக்டிலேயே செய்துவிடுங்கள்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

இன்க்ரீஸ்ட் என்று வருபவை எல்லாம் ஒன்றோடொன்று கூட்டப்படும், மோர் என்று வருவது தனியாகப் பெருக்கப்படும். அடிப்படைச் சேதம் 100, ஏற்கெனவே 200 சதவீதம் இன்க்ரீஸ்ட் இருக்கிறது, ஆக 300. இன்னொரு 20 சதவீதம் இன்க்ரீஸ்ட் எடுத்தால் 320. அதே 20 சதவீதம் மோராக வந்தால் 360. முக்கியத் திறனின் ஜெம்மோடு இணைத்து அதை வலுவாக்கும் சப்போர்ட் ஜெம்களில் மோர் தாராளமாகக் கிடைக்கும். அதனால் லெவல் ஏற்றும்போது மரத்தில் தூரத்தில் இருக்கும் சேத முடிச்சுக்கு ஆறு புள்ளி செலவழிப்பதைவிட, முக்கியத் திறனுக்கு நாலு லிங்க் (நாலு ஜெம் இணைக்கும் இடம்) உள்ள சாமான் தேடுவது பல மடங்கு லாபம். மிச்சப் புள்ளியை உயிரில் போடுங்கள்.

அசெண்டன்சிப் புள்ளி தரும் லாபிரிந்த் என்ற புதிர்ப்பாதையைத் தவிர்ப்பவர்களும் உண்டு, பொறிகள் எரிச்சலூட்டும் என்பார்கள். ஒவ்வொரு நிலை முடித்தால் இரண்டு, மொத்தம் எட்டு அசெண்டன்சிப் புள்ளி. முதல் இரண்டு கிடைத்ததுமே சில பில்டுகள் வேறு ஆட்டம் போல மாறிவிடும். தள்ளிப்போடாமல் முடியுங்கள்.

நம் ஊர் இணைப்பை மறந்து பில்ட் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டுக்காரர் எழுதும் எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. இந்த ஆட்டத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கில் கேட்வே (சர்வருக்கான நுழைவாயில்) உண்டு. டர்பனிலிருந்து அதற்குப் பிங் (இணைப்பின் தாமதம்) மிகக் குறைவு. நுழையும் பக்கத்தில் எந்தக் கேட்வே தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறையாவது பாருங்கள். ஐரோப்பாவில் நின்றுகொண்டு, பில்ட் மந்தமாக இருக்கிறது என்று திட்டிப் பயனில்லை. அங்கே பிங் 150-க்கு மேல்தான் இருக்கும்.

நெட்வொர்க் அமைப்பில் லாக்ஸ்டெப், பிரெடிக்டிவ் என்று இரண்டு உண்டு. லாக்ஸ்டெப்பில் சர்வர் ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் ஆள் அசைவான். உள்ளூர் கேட்வேயில் அதுதான் சரி, திரையில் தெரிவதும் உண்மையில் நடப்பதும் ஒன்றாக இருக்கும். தொலைதூர சர்வரில் அது சேற்றில் நடப்பது போலாகிவிடும், அப்போது பிரெடிக்டிவுக்கு மாறுங்கள். சென்னையிலோ மொரிஷியஸிலோ உள்ள சொந்தக்காரப் பையன்களோடு பார்ட்டி சேர்ந்தால், யார் அந்தப் பகுதியைத் திறந்தார்களோ அவர்களுடைய கேட்வேயில்தான் எல்லோரும் ஆடுவீர்கள். அப்படி அடிக்கடி ஆடுபவர் நேரம் பார்த்து அடிக்கும் வாள் பில்டை எடுக்காமல், டோட்டம், மைன், மினியன் என்று நமக்காக இன்னொன்று சண்டை போடும் பில்டை எடுக்கலாம். பிங் எகிறினாலும் எலும்புக்கூடு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

ஐரோப்பிய சர்வரை நம்பியே ஆட வேண்டிய வேறு ஆட்டங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே நாலு கடலடிக் கேபிள்கள் பழுதான செய்தி நினைவிருக்கும். அது போன்ற நாளில் எந்தப் பில்டும் உதவாது.

ஹார்ட்கோர் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: முதல் கேரக்டரை அதில் தொடங்காதீர்கள். அதில் ஒருமுறை செத்தால் கேரக்டர் சாதாரண லீகுக்கு (ஆட்டக் களத்துக்கு) தள்ளப்படும். இணைப்பு அறுந்ததால் செத்தேன் என்று எழுதினாலும் திருப்பித் தர மாட்டார்கள். 2023-இல் லோட்ஷெடிங் (அட்டவணை போட்ட மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது எஸ்காம்செபுஷ் செயலியில் அட்டவணையைப் பார்த்தாவது ஆடும் நேரத்தைத் திட்டமிட முடிந்தது. 2024 மார்ச் இறுதியில் அது பெருமளவு ஓய்ந்த பிறகு எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் கேபிள் திருட்டுக்கும் துணைமின்நிலையக் கோளாறுக்கும் அட்டவணை கிடையாது. ஹார்ட்கோர்தான் வேண்டுமென்றால் ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று முதலில் வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு வேறு எந்த கியரும் இவ்வளவு உயிர் காக்காது.

கெட்டுப்போனது என்று புதிதாகத் தொடங்குவது

மரத்தில் பத்துப் புள்ளி தப்பாகப் போட்டதற்காகக் கேரக்டரையே அழிப்பவர்கள் உண்டு. தேவையில்லை. பணிகளை முடிக்கும்போது திரும்பப்பெறும் புள்ளிகள் கிடைக்கும், ஆர்ப் ஆஃப் ரிக்ரெட் (ஆர்ப் என்பது ஆட்டத்தின் நாணயம்) ஒன்றுக்கு ஒரு புள்ளி. 2024 ஜூலையில் வந்த கல்கூர் குடியேறிகள் (செட்லர்ஸ் ஆஃப் கல்கூர்) லீகில் தங்கம் கொடுத்தும் மாற்றும் வசதி வந்தது. பத்து இருபது புள்ளியைத் திருத்துவது, ஆட்டம் தொடங்கும் கடற்கரையிலிருந்து மறுபடி ஓடிவருவதைவிட எவ்வளவோ சுலபம். மரத்தின் எதிர் மூலையில் நிற்கும் வகுப்பைத் தேர்ந்திருந்தால் மட்டும் புதிதாகத் தொடங்குவது நியாயம்.

காசு கொடுத்து வெளியாட்களிடம் ஆர்ப் வாங்குவது, லெவல் ஏற்றித் தரச் சொல்வது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கணக்கு முடக்கப்படும், கொடுத்த ராண்டும் போகும்.

புது லீக் தொடங்கும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி இரவு 10 மணி வாக்கில் திறக்கும். அப்போது சந்தையில் ஒன்றுமே இருக்காது. எல்லோரும் வெறுங்கையோடு கடற்கரையில் நிற்பார்கள், உங்கள் பில்டுக்குத் தேவையான யுனிக்கை விற்க ஆளே இருக்க மாட்டார்கள். பழைய லீகின் கடைசி வாரத்தில் ஒரு கேயாஸ் ஆர்புக்கு வாங்கிய சாமானை நம்பி இந்த நாளில் தொடங்குவது பழகியவர்களும் செய்யும் தவறு. கடையில் வாங்கும் ஜெம்மையும் தரையில் கிடைக்கும் கியரையும் வைத்துப் பத்தாவது ஆக்ட் வரை போகக்கூடிய ஒன்றை எடுங்கள். அப்டேட்டை அன்று பகலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஈஸ்டர் வாரம் போல இசிபிங்கோ மாரியம்மன் கோயில், சொந்தக்காரர் வீடு என்று நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் முதல் இரவை விட்டுவிட்டு ஞாயிறு தொடங்கினாலும் நஷ்டமில்லை. அதற்குள் சந்தையில் சாமான் வந்திருக்கும், நுழையும் வரிசையும் குறைந்திருக்கும்.