‘லிஜிடிமட்லி’: வேரிலிருந்து பொருள் பிடிப்பது எப்படி?

ஆங்கிலச் செய்தியிலும் அலுவலகக் கடிதத்திலும் அடிக்கடி தலைகாட்டும் வினையடை ‘லிஜிடிமட்லி’ (legitimately). சில இடங்களில் ‘சட்டப்படி’, சில இடங்களில் ‘நியாயமாக’, இன்னும் சில இடங்களில் ‘நிஜமாகவே’. எது எங்கே என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: உச்சரிப்பு
லி-ஜி-டி-மட்-லி. அழுத்தம் ‘ஜி’யில். பலர் ‘மேட்லி’ என்கிறார்கள். ‘மேட்’ ஒலி, ‘முறையானதாக்கு’ என்று பொருள் தரும், அதே எழுத்துகளைக் கொண்ட ‘லிஜிடிமேட்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது.

படி 2: வாலை எடுங்கள்
கடைசி ‘லி’ நம் ‘-ஆக’ மாதிரி. அதை எடுத்தால் ‘லிஜிடிமட்’ என்ற பெயரடை மிஞ்சும். வேர், லத்தீனில் சட்டத்தைக் குறிக்கும் ‘லெக்ஸ்’. லீகல், லெஜிஸ்லேச்சர், பிரிவிலேஜ் எல்லாம் இதே குடும்பம். காலைக் குறிக்கும் ‘லெக்’ மட்டும் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, சேர்த்துவிடாதீர்கள்.

படி 3: முதல் பொருளைப் பிடியுங்கள்
15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தப் பெயரடை, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையைக் குறித்தது. அன்றைக்கு இது சாதாரண விஷயமில்லை. சொத்தும் பட்டமும் இதில்தான் தொங்கின. இங்கிலாந்து இளவரசர் ஜான் ஆஃப் காண்ட், கேத்தரின் ஸ்வின்ஃபோர்டை மணந்தது 1396இல். அவர்களுடைய நான்கு பிள்ளைகளும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். 1397இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட், நாடாளுமன்றத்தின் வழியாக அவர்களை முறையான வாரிசுகள் ஆக்கினார். 1407இல், அடுத்து வந்த மன்னர் நான்காம் ஹென்றி அதில் ‘அரச பதவி நீங்கலாக’ என்று ஒரு வரியைச் செருகினார். அப்புறம் என்ன ஆனது? அதே பிள்ளைகளில் ஒருவரின் வழிவந்த ஏழாம் ஹென்றி 1485இல் போரில் வென்று அரியணை ஏறினார்!

படி 4: ‘லீகலி’யோடு ஒப்பிடுங்கள்
‘லீகலி’ என்றால் சட்டம் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ‘லிஜிடிமட்லி’யில் நியாயமும் சேர்ந்துகொள்ளும். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் நண்பரிடம் நீங்கள் ‘லிஜிடிமட்லி’ கோபப்படலாம். அதற்குச் சட்டப் பிரிவு எதுவும் தேவையில்லை.

படி 5: பேச்சு வழக்கைத் தனியே வையுங்கள்
‘லிஜிடிமட்லி பயந்துட்டேன்’ என்று இளைஞர்கள் சொன்னால் ‘நிஜமாகவே’ என்று பொருள். நண்பர்களிடம் சரி, வேலைக்கான விண்ணப்பத்தில் வேண்டாம். ‘லெஜிட்’ என்ற சுருக்கம் 19ஆம் நூற்றாண்டு நாடகக்காரர்களின் பேச்சு. லண்டனில் உரிமம் பெற்ற ஒருசில அரங்குகளில் மட்டுமே வசன நாடகம் போடலாம் என்ற கட்டுப்பாடு 1843 வரை இருந்தது. அதனால் அந்த வகைக்கு ‘லிஜிடிமட்’ நாடகம் என்று பெயர்.

படி 6: சோதித்துப் பாருங்கள்
வாக்கியத்தில் ‘முறைப்படி’யை முதலில் போடுங்கள். பொருந்தாவிட்டால் ‘நியாயமாக’. அதுவும் ஒட்டாவிட்டால் ‘நிஜமாகவே’தான்.