ரெசிடென்டுக்கு விருதுப் பரிந்துரை எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்சி என்பது மருத்துவப் படிப்பை முடித்தவர்கள் பெறும் மூன்றாண்டுப் பயிற்சி, அதில் இருப்பவரே ரெசிடென்ட். அது முடியும் தறுவாயில், அறிவுப்பணிக்காகவும் நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்ததற்காகவும் சிலரை விருதுக்குப் பரிந்துரைப்பது ஆசிரியர்களான எங்கள் பொறுப்பு. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மூன்று ஆசிரியர்கள் தங்கள் கடிதங்களைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் மூன்றிலும் அப்படியே இருந்தன. எழுத்துப்பிழை, கெடு தாண்டிய விண்ணப்பம் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

போஸ்டர்களை எண்ணுவது

ஸ்காலர்ஷிப் என்றதும் நம்மவர்களுக்கு உதவித்தொகைதான் நினைவுக்கு வரும், ஊரில் என் அத்தை, "எவ்வளவு கொடுப்பார்கள்?" என்றே கேட்டார். இங்கே அச்சொல்லுக்கு அறிவுப்பணி என்று பொருள். அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இல் அதைக் கண்டறிதல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் என நான்காகப் பிரித்தார். பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏசிஜிஎம்இ அமைப்பு எல்லா ரெசிடென்டுகளிடமும் அறிவுப்பணியை எதிர்பார்ப்பதால், "நான்கு போஸ்டர் வைத்தார்" என்பது, அதாவது மாநாட்டில் ஆய்வைச் சுருக்கிக் காட்டும் தாள்களின் எண்ணிக்கை, கடமையை முடித்த கணக்கு மட்டுமே. அந்த நான்கு போஸ்டர்களில் ஒன்றை எடுத்து விரித்து எழுதுங்கள். எங்கள் ரெசிடென்ட் ஒருவர், சர்க்கரை நோயாளி அறைக்குள் வந்து அமர்ந்ததுமே காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லும் வேலையை உதவியாளர்களிடம் ஒப்படைத்தார். மருத்துவர் உள்ளே நுழையும்போது பாதம் கண்ணெதிரே இருப்பதால் பாதப் பரிசோதனை விட்டுப்போவது குறைந்தது. அவர் போன பிறகும் அந்த வழக்கம் கிளினிக்கில் நிற்கிறது என்ற ஒரு வாக்கியம் நான்கு போஸ்டர்களை விடக் கனமானது.

குரல் கொடுத்ததைத் தொண்டாக எழுதுவது

என்னை இன்றும் உறுத்துவது இதுதான். மூன்றாமாண்டு ரெசிடென்ட் ஒருவர், தம் சர்க்கரை நோயாளிகள் குறித்த நாளில் ஏன் வருவதில்லை என்று ஆராயத் தொடங்கினார். பலருக்குச் சொந்த வண்டி இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் மருத்துவரிடம் போய்வர வண்டி வசதி உண்டு என்றாலும், எங்கள் பகுதியில் அதை ஏற்று நடத்திய நிறுவனம் பல நாள் முன்பதிவு கேட்டது. திரும்பும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்த மறுத்தது. அவர் மூன்று மாதம், வராத ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் காரணத்தைக் குறித்துக்கொண்டு, அதை ஒரே பக்கமாகச் சுருக்கினார். மருத்துவச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு, "மருந்து வாங்காமல் வீடு திரும்பியவர்கள்" என்று ஓரத்தில் பேனாவால் தலைப்பிட்ட அந்தத் தாளின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் மூன்று நிமிடம் பேசினார். சில மாதங்களில் மருந்துக் கடையில் நிறுத்தும் வசதி ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

நான் கடிதத்தில் எழுதியதோ, பனி கொட்டிய ஒரு மாலையில் அவர் ஒரு மூதாட்டியைத் தம் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்ட கதையை. அதற்கு ஒன்றரைப் பத்தி. சட்டமன்றக் குழுவுக்கு, "பொதுநல ஆர்வமும் உடையவர்" என்று அரை வரி. நல்ல மனமுடையவர் என்று புரிந்தது, வேறு என்ன செய்தார் என்பதுதான் விளங்கவில்லை என்று தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார். ஜூன் 30ஆம் தேதி பயிற்சி முடிந்தது. ரெசிடென்டுகளுக்கு மட்டுமேயான விருது என்பதால் மறு ஆண்டு பரிந்துரைக்கவும் வழியில்லை.

காரில் கொண்டுவிட்டது ஒருவருக்குச் செய்த உதவி. ஒப்பந்தத்தை மாற்ற வைத்தது, அவர் முகமே பார்த்திராத நோயாளிகளுக்கும் சேர்த்துச் செய்த வேலை. இங்கே அட்வகசி என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். மருத்துவ முகாமும் அன்னதானமும் பார்த்து வளர்ந்த நம் கண் முதலாவதன் மேலேயே விழுகிறது போலும். எந்த விதி குறுக்கே நின்றது, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது, ரெசிடென்ட் எந்தச் சான்றோடு அவர்களிடம் போனார், பிறகு என்ன ஆயிற்று என்பவை கடிதத்தில் வந்தே ஆக வேண்டும். முயற்சி தோற்றிருந்தாலும் எழுதலாம். தோல்வியை மழுப்பி, "விழிப்புணர்வு ஏற்படுத்தினார்" என்று முடிக்கக் கூடாது.

அடைமொழிகள்

"கடின உழைப்பாளி", "கனிவானவர்" என்பன ஒன்றும் சொல்லாத சொற்கள். மருத்துவக் கல்லூரி ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியில் நீளம் குறைந்தவை என்றும், ஐயம் எழுப்பும் தொடர்கள் அவற்றில் கூடுதல் என்றும் காட்டியது. பெண் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தை, ஆணுக்கு எழுதியதன் பக்கத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள்.

தேர்தல் வேட்பாளர் பெயர்

ரெசிடென்ட் தேர்தலில் யாருக்காவது உழைத்திருந்தாலும் அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதாதீர்கள். வரிவிலக்குப் பெற்ற மருத்துவமனைகள் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்வதை 1954 முதல் வரிச்சட்டம் தடுக்கிறது.

ஜூன் வரை காத்திருப்பது

ரெசிடென்ட் செய்வதை அவ்வப்போது குறித்துவைக்க முதலாமாண்டிலேயே ஒரு கோப்பைத் திறந்துவிடுங்கள்.

நோயாளியின் கதை

பெயரை நீக்கினால் போதாது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் விதி பட்டியலிடும் 18 அடையாளங்களுள் சிகிச்சை நாளும், 89ஐத் தாண்டிய வயதும் அடக்கம். என் கடிதத்தில் வந்த மூதாட்டிக்கு வயது 91. அதை அவ்வாறே எழுதியிருந்தேன், அவரை விட்டுவந்த தேதியோடு.