கஞ்சிப்பாசி டி.என்.ஏ.வை சீசியம் குளோரைடில் பிரிக்கும் முறை

மண்டபம், பாம்பன் கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசியில் அகார் என்னும் கோந்துப்பொருள் மிகுதி. சாதாரணமாகப் பிரித்த டி.என்.ஏ. கோந்துபோல வழவழக்கும், நொதிகள் வேலை செய்யாது. சீசியம் குளோரைடு என்னும் அடர்ந்த உப்பு இதற்கு நல்ல தீர்வு: அதன் கரைசலில் வேகமாகச் சுழற்றினால் டி.என்.ஏ. தன் அடர்த்திக்கேற்ற இடத்தில் பட்டையாக நிற்கும். மணலில் காயவைத்த பாசி வேண்டாம், வெயிலில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். கடலில் இருந்து எடுத்ததும் ஒட்டியிருக்கும் சிறுபாசிகளை நீக்கி, வடிகட்டிய கடல்நீரில் அலசி, உறையவையுங்கள்.

உறைந்த பாசியிலிருந்து வழக்கமான முறையில் பிரித்த டி.என்.ஏ. கரைசல் ஒரு மி.லி.க்கு சுமார் ஒரு கிராம் சீசியம் குளோரைடு சேர்த்துக் கரையுங்கள். பிறகு டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் 33258 சாயம்: 10 மி.லி. கரைசலுக்கு, மி.லி.க்கு 10 மி.கி. வீதம் கரைத்தது 0.1 மி.லி. சொட்டுச் சொட்டாக விடுங்கள். உப்பு மிகுந்த கரைசலில் ஒரேயடியாகக் கொட்டினால் சாயம் திரண்டுவிடும். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.395 வரும்வரை உப்போ நீரோ சேர்த்துச் சரிசெய்யுங்கள். இந்த எண் பிசகினால் பட்டைகள் அடியிலோ மேலேயோ ஒதுங்கும்.

குழாய்களை விளிம்புவரை நிரப்புங்கள், காற்று இருந்தால் நசுங்கும். எதிரெதிர்க் குழாய்களின் எடை ஒத்திருக்கட்டும். அதிவேக மையவிலக்குக் கருவியில் குழாய்களை நேராக நிறுத்திச் சுழற்றும் செங்குத்து ரோட்டாரில், 20 டிகிரியில், நிமிடத்துக்கு 45,000 சுற்று, 16 மணி நேரம். ரோட்டார் கையேட்டில் அடர்ந்த கரைசலுக்கான வேக வரம்பைக் கட்டாயம் பாருங்கள். குளிர் கூடினால் உப்பு அடியில் படிகமாகி ரோட்டாரையே உடைக்கக்கூடும்.

365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பட்டைகள் நீலமாய் ஒளிரும். சாயம் ஏ-டி (அடினின்-தைமின்) இணைகள் மிகுந்த டி.என்.ஏ.வில் அதிகம் ஒட்டி அடர்த்தியைக் குறைப்பதால் பசுங்கணிக டி.என்.ஏ. மேலே, உட்கரு டி.என்.ஏ. கீழே. முதலில் குழாயின் உச்சியில் துளையிடுங்கள். இல்லாவிட்டால் ஊசியில் எதுவும் ஏறாது. 18 கேஜ் ஊசியால் வேண்டிய பட்டையை மெதுவாக உறிஞ்சுங்கள். உப்புநீர் கலந்த ஐசோபுரோப்பனாலால் ஒளிர்வு மறையும்வரை சாயத்தை நீக்கி, மூன்று மடங்கு நீர் ஊற்றிய பிறகே எத்தனால் சேர்த்து டி.என்.ஏ.வைப் படியவையுங்கள். நீர்க்காமல் சேர்த்தால் டி.என்.ஏ.வுடன் உப்பும் வெள்ளையாய்ப் படியும்.